காணாமல் போகும் கூலண்ட்: காரின் மறைவான கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?



புனேயில் வாழும் நம் குடும்பங்களில் சொந்தக் காரிலேயே ஊருக்குப் போய் வருபவர்கள் பெருகிவிட்டார்கள். தீபாவளிக்கும் மே மாத விடுமுறைக்கும் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே விடியற்காலையில் கிளம்பி, சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறார்கள். டயரில் காற்று, எஞ்சின் ஆயில், பிரேக் எல்லாம் பார்த்த பிறகே புறப்படுகிறார்கள். ரேடியேட்டர் விஷயத்தில் மட்டும் பலரும் ஒரு பழைய வழக்கத்தை விடுவதில்லை. "குறைந்திருக்கிறதா? கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்கிறார்கள். சாலையோர மெக்கானிக்கும் "பாணி டாகா, ஜா" என்று மராத்தியில் அதையேதான் சொல்கிறார்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு பழகியவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கூலண்ட் செலவாகித் தீரும் பொருள் அல்ல. பெட்ரோல் எரிந்து தீரும். எஞ்சின் ஆயில்கூடச் சிறிது எரியும். கூலண்ட் மூடிய பாதைக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓர் ஆண்டில் அதன் மட்டம் சற்றே இறங்கினால் இயற்கை. மாதாமாதம் இறங்கினால் அது எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். எங்கே என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது போலத்தான்.

பழைய வழக்கம் எங்கிருந்து வந்தது?

அம்பாசடர், ஃபியட் ஓட்டிய காலத்தில் தண்ணீர் ஊற்றுவது நியாயமான வழக்கமாகவே இருந்தது. அந்த ரேடியேட்டர்களில் சூடேறி விரிந்த தண்ணீர், ஒரு சிறு குழாய் வழியாகத் தரையில் கொட்டிவிடும். திரும்பி வராது. எனவே ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் குறைவது இயல்பு. கண்டாலா காட் ஏறும்போது பானெட்டைத் திறந்து வைத்து, கேனில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றும் கார்களை நம்மில் மூத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

இன்றைய காரில் அப்படி இல்லை. விரியும் திரவம் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். எஞ்சின் குளிர்ந்ததும் அங்கிருந்து திரும்ப உறிஞ்சப்படும். வேறு சில கார்களில் அந்த டப்பாவே அழுத்தம் தாங்கும் தொட்டியாக இருக்கும். சாதாரணமாக ஓடும்போது இரண்டிலும் வெளியே கொட்டாது. கார் மாறிவிட்டது, நம் வழக்கம் மாறவில்லை.

மூடிக்குள் ஒரு வித்தை

புனே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 98 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 90 முதல் 105 டிகிரி வரை வேலை செய்யக்கூடியது. அப்படியானால் உள்ளே இருப்பது ஏன் கொதிப்பதில்லை? நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவம்தான். ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று உள்ளது. பல கார்களில் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். அது எத்தனை பார் அழுத்தம் வரை மூடி பிடித்து வைக்கும் என்பதைக் குறிக்கும். 1.1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் இன்னும் சில டிகிரி கூடத் தாங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கசிவு ஏற்பட்டால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் கூலண்ட் முன்னதாகவே கொதிக்கும். இது முதலாவது. வீட்டு வாசலில் குளிர்ந்து நிற்கும் காரில் அழுத்தமே இல்லாததால், அப்போது கசிவும் தெரியாமல் போகலாம். இது இரண்டாவது.

ஏன் ஒளிந்துகொள்கிறது?

கசிவு என்றால் தரையில் சொட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

சூடான எஞ்சின் மேல் விழும் துளி நொடியில் ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ ஒரு காய்ந்த படிவம் மட்டுமே மிஞ்சும். சில இணைப்புகள் குளிரில் சுருங்கி இரவில் கசியும். எஞ்சின் சூடானதும் விரிந்து தாமே அடைத்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கார் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். எஞ்சினுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்த கார்களில் சொட்டுவதெல்லாம் அதில் தேங்கிக் காய்ந்துவிடும். ஹெட் காஸ்கெட் பழுதானால் கூலண்ட் சிலிண்டருக்குள் போய் நீராவியாகச் சைலென்ஸர் வழியே வெளியேறும். கழிவுப் புகையைக் குளிர்விக்கும் கூலர் கொண்ட டீசல் கார்களில் அது ஓட்டையானாலும் இதே கதைதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் கசிந்தால், கூலண்ட் காருக்குள்ளேயே இறங்கும். புனேயில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்; பல கார்களில் ஹீட்டர் போடாதபோதும் அதற்குள் கூலண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் ஏ.சி. போட்டுக்கொண்டு வந்து நிறுத்தியதும் காருக்கடியில் சொட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது காற்றிலிருந்து பிரிந்த வெறும் நீர். விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாவிட்டால் அது ஏ.சி. தண்ணீர். வழவழப்பும் இனிப்பான வாடையும் இருந்தால் கூலண்ட். வாயில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

தேடும் முறை

எந்தப் பழுதையும் செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவுள்ள சோதனைக்குப் போக வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பணம் விரயமாகிறது.

1. அளந்து எழுதுங்கள். காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் காரை நிறுத்தி, டப்பாவில் கூலண்ட் நிற்கும் இடத்தில் ஒரு காகித டேப்பை ஒட்டுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கசிவு தன் குணத்தைக் காட்டிவிடும். ஓடாத நாளிலும் குறைந்தால் வெளிக்கசிவு. ஓடிய நாளில் மட்டும் குறைந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் திறக்கும் கசிவு. காட் ஏறிய நாளில் மட்டும் குறைந்தால் மூடி, விசிறி, காஸ்கெட் ஆகியவற்றின் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

நம் கோர்ப்படி லோகோ ஷெட்டில் பல ஆண்டுகள் இருந்த டபிள்யூ.டி.எம்-2 வகை டீசல் எஞ்சினில் ஏறத்தாழ 1,200 லிட்டர் குளிர்விக்கும் நீர் இருக்கும். மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும் கருவியும் அதில் உண்டு. அப்படி இருந்தும் எவ்வளவு நீர் ஊற்றினோம் என்று எழுதி வைப்போம். உங்கள் காரில் இருப்பது ஐந்தாறு லிட்டர்தான். பல கார்களில் தானாக நிறுத்தும் கருவியும் கிடையாது. அப்படியானால் நோட்டு யாருக்கு அதிகம் தேவை?

2. டப்பாவை மட்டும் நம்பாதீர்கள். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார்களில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு அந்த மூடியைத் திறந்து கழுத்து வரை கூலண்ட் நிற்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் டப்பாவுக்குப் போன கூலண்ட் திரும்பி வராது. டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். மூடி விலை குறைந்த பொருள். அதன் ரப்பர் வெடித்தோ கெட்டியாகியோ இருந்தால், அதே அழுத்த எண் கொண்ட புதிய மூடியைப் போட்டுவிட்டுப் பிறகு மற்றதைத் தேடலாம்.

3. காகிதமும் டார்ச்சும். இரவில் காருக்கடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி வையுங்கள். காலையில் டார்ச்சும் கைக்கண்ணாடியும் கொண்டு காய்ந்த கறையைத் தேடுங்கள். ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர் பம்பின் அடிப்பகுதி, டப்பாவின் ஒட்டுக்கோடு இவையெல்லாம் வழக்கமான இடங்கள். கறை கண்ட இடமே கசியும் இடம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓடும் காரில் காற்று துளியைப் பின்னுக்குத் தள்ளும். கறையில் தொடங்கி மேலேயும் முன்னேயும் தேடிக்கொண்டு போக வேண்டும். காருக்குள் முன் இருக்கையின் கால் விரிப்பு ஈரமாக இருந்தாலோ, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கு படிந்தாலோ, ஹீட்டர் ரேடியேட்டரைச் சந்தேகியுங்கள்.

4. அழுத்தச் சோதனை. கண்ணால் கிடைக்காவிட்டால் நல்ல கராஜுக்குப் போங்கள். மானி பொருத்திய கைப்பம்பு ஒன்றை மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் அச்சிட்டுள்ள அளவு வரை அழுத்தம் ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்காவது சீறும் அல்லது சொட்டும். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, இளஞ்சூட்டில் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். மூடியையும் அதே கருவியில் தனியாகச் சோதிக்கலாம்.

5. சாயம். முன்பு லோகோ நீரில் துரு பிடிக்காமலிருக்க குரோமேட் கலப்போம். நீர் மஞ்சளாக இருக்கும். எங்கே கசிந்து காய்ந்தாலும் மஞ்சள் கோடு காட்டிக்கொடுத்துவிடும். குரோமேட் நச்சு என்பதால் பின்னர் அது கைவிடப்பட்டது. கார்களுக்கு இப்போது அதே யோசனை வேறு உருவில் கிடைக்கிறது. ஒளிரும் சாயத்தைக் கூலண்டில் சிறிது கலந்து, சில நாட்கள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், கசிந்த இடம் மின்மினி போலப் பச்சை மஞ்சளாக ஒளிரும். கூலண்டுக்கென்றே விற்கும் சாயத்தைத்தான் வாங்க வேண்டும்.

6. எஞ்சின் வாயுச் சோதனை. வெளியே ஒன்றுமே கிடைக்காவிட்டால்தான் ஹெட் காஸ்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். நீல நிறத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்ப்பார்கள். எஞ்சினில் எரிந்த வாயு அதில் கலந்திருந்தால், கரியமில வாயுவினால் நீலம் மஞ்சளாக மாறும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினாலும் சந்தேகம்தான். ஆனால் மார்கழிக் காலையில் சைலென்ஸரில் வரும் வெள்ளைப் புகையையும், குறைந்த தூரமே ஓடும் காரில் ஆயில் மூடிக்கடியில் படியும் வெண்ணெய் போன்ற பசையையும் மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அவை வெறும் காற்று ஈரத்தாலும் வரும். ஆயில் குச்சியில் உள்ள ஆயிலே மோர் போல வெளுத்திருந்தால், அது வேறு விஷயம். அந்தக் காரை ஓட்டவே கூடாது.

ஓர் உதாரணம்

எங்கள் குடியிருப்பில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதியர் இருக்கிறார்கள். சமயபுரத்தில் குழந்தைக்கு முடியிறக்க, வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு காரில் போவதாக ஏற்பாடு. இரண்டாவது கையாக வாங்கிய கார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் டப்பா அடிமட்டத்துக்குப் போய்விடும். ஒரு கராஜில் "இதெல்லாம் சாதாரணம்" என்றார்கள். இன்னொரு கராஜில் "காஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். "அங்கிள், பேசாம வித்துடலாமான்னு இவர் கேக்கறார்" என்று அந்தப் பெண் வந்து நின்றாள்.

"முதல்ல ஒரு நோட்டு வாங்கும்மா" என்றேன்.

அவளே தினமும் அளந்து எழுதினாள். ஆபீஸ் போன ஐந்து நாளும் மட்டம் சிறிது சிறிதாக இறங்கியது. கார் நின்ற சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறங்கவே இல்லை. மூடி நன்றாக இருந்தது. செய்தித்தாளில் ஒரு துளி இல்லை. குளிர்ந்த நிலையில் அழுத்தமும் நின்றது. வாயுச் சோதனையில் நீலம் நீலமாகவே இருந்தது. ஆகவே காஸ்கெட் மேல் பழி போட ஆதாரம் இல்லை. சாயம் கலந்து நான்கு நாள் ஓட்டிவிட்டு, இரவில் அடித்தளப் பார்க்கிங்கில் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை அடித்தோம். டைமிங் பெல்ட் மூடியின் கீழ் விளிம்பில் கோடாக ஒளிர்ந்தது.

மூடியைக் கழற்றியதும் எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர் பம்பின் உள்ளே, கூலண்டைத் தடுக்கும் ஸீலுக்கும், தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே வெளிப்பக்கமாக ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். ஸீல் தேயத் தொடங்கியதும் கூலண்ட் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். பேரிங்குக்குள் புகாது. "என்னை மாற்று" என்று பம்ப் நமக்கு அனுப்பும் ஓலை அது. லோகோவின் தண்ணீர் பம்பிலும் இதே போன்ற துளை உண்டு. ஷெட்டில் அதைப் பார்க்காமல் விடமாட்டோம். இந்தக் காரிலோ, முன்பு எப்போதோ பெல்ட் மாற்றிய யாரோ ஒருவர் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்தார். அவர் கண்ணுக்குக் கசிவு நின்றுவிட்டது. வெளியே போக வழியில்லாத கூலண்ட் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு வெளிவந்து, பெல்ட்டில் பட்டுச் சிதறிக் காய்ந்துகொண்டிருந்தது. பம்பைக் கையால் சுற்றினால் மணல் அரைப்பது போலச் சத்தம்.

அந்த பேரிங் வழியில் இறுகியிருந்தால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். அந்த வகை எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். நெடுஞ்சாலையில், கைக்குழந்தையோடும் தாயாரோடும், எஞ்சின் ஒரே கணத்தில் நின்றுபோயிருக்கும். பம்ப், பெல்ட், அதன் டென்ஷனர், புதிய கூலண்ட் எல்லாம் சேர்ந்து, ஹெட்டை இறக்கச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. முடியிறக்கு நல்லபடியாக நடந்து, குடும்பம் அதே காரில் திரும்பி வந்தது. நோட்டில் இன்னும் எழுதுகிறாள். மட்டம் டேப்பை விட்டு அசையவில்லை.

வழியில் சூடேறினால்

மும்பை புனே ரயில் பாதையில் 1863-ல் திறக்கப்பட்ட போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கர்ஜத்தில் பின்னால் துணை எஞ்சின்களைச் சேர்த்து ரயில்களை ஏற்றுவது வழக்கம். அதே மலையில் உங்கள் கார், ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏ.சி.யையும் சுமந்துகொண்டு துணையின்றி ஏறுகிறது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அந்தச் சூடு எஞ்சினிலிருந்து வருவது. அப்படியும் இறங்காவிட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், பத்திரமான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கூலண்ட் முழுக்கப் போய்விட்டால், சூட்டை அளக்கும் முனை வெறும் காற்றில் நிற்கும். முள் குறைவாகவே காட்டக்கூடும். எஞ்சின் திணறி, வாடை வந்து, முள் மட்டும் அமைதியாக இருந்தால் முள்ளை நம்பாதீர்கள்.

சூடான எஞ்சினின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நூறு டிகிரிக்கு மேல் சூடாகி அழுத்தத்தில் அடங்கியிருப்பது, மூடி தளர்ந்த நொடியில் நீராவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பிறகு தடித்த துணி வைத்து மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் கோணிவிடும் அல்லது வெடித்துவிடும்.

லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைத்த கதை நம் ஊரில் பிரசித்தம். கடையில் டப்பாவில் விற்கும் அடைப்பு மருந்தும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். நடுவழியில் ஊர் போய்ச் சேர வேறு கதியில்லை என்றால் உதவலாம். பழக்கமாக்கினால் கசிவோடு சேர்த்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். போர்வெல் தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. உப்பு படியும், கூலண்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து நீர்த்துப்போகும், உள்ளே அரித்துப் புதிய கசிவு பிறக்கும். கார் கையேட்டில் சொன்ன கூலண்டையே வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று எண்ண வேண்டாம். கலந்து ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் சேருங்கள்.

வீட்டில் குழந்தைகளோ நாயோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நச்சு. சிறு அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிச்சமானதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவி விடுங்கள். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டப்பாவில் டேப்பை ஒட்டிவிடுங்கள். தினமும் இரண்டு நிமிட வேலை. ஏழாம் நாளும் மட்டம் அதே இடத்தில் நின்றால் நிம்மதியாகப் புறப்படலாம். இறங்கியிருந்தால், தேடிக் கண்டுபிடிக்கப் புறப்படும் முன்பே உங்களுக்கு அவகாசம் இருக்கும்.